வெந்நீர் அடுப்படி ஆய்வு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வருடமாகச் சாப்பிட இடமில்லை. சுவர்ப் பக்கம் தாய்மை, யன்னல் பக்கம் குழந்தை, நடுவில் மனநலம் என்று மூன்று அடுக்காகப் பாடக்குறிப்புகள். கறிச்சட்டியை எங்கே வைப்பது என்று கேட்டால் குசினியிலிருந்து மனைவியின் குரல் வரும். "மனநலத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ." நான் மனநலத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுவேன். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தானே சாப்பிடுகிறோம்.

மனைவி கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மகப்பேற்று விடுதித் தாதி. அவரை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். இந்தக் கட்டுரைக்கு எழுத்துப்பிழை பார்க்கிறவரும் அவரே. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் வீட்டில் அவரும் நானும் ஒரு பூனையும் மிஞ்சினோம். மூவரில் இருவர் அதிகம் பேசுவதில்லை. அந்த அமைதியில் நான் ஒரு பெரிய நாவல் எழுதுவேன் என்று எதிர்பார்த்தேன். மனைவி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தாதியர் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டார்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மொழிபெயர்ப்பாளன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருகிற சுற்றறிக்கைகளை யாரும் வாசிக்காத தமிழுக்கு மாற்றுவது தொழில். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுவது வியாதி. கையில் கிடைத்ததை எல்லாம் வாசிப்பது அதைவிடப் பழைய வியாதி. அதனால் மேசையில் கிடந்ததையும் வாசித்தேன். கர்ப்பத்தின் முதல் மாதங்களுக்கு உரிய குணங்குறிகளில் களைப்பு, நெஞ்செரிவு, புளியில் ஆசை, காரணமற்ற எரிச்சல் ஆகியவை எனக்கு இருந்தன. குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் மூன்று வயதுப் பிள்ளை செய்யவேண்டியவை என்று ஒரு பகுதி வந்தது. தானே சட்டை போடுதல், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தல், தன் முறை வரும்வரை பொறுத்திருத்தல். மனைவி அதைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டார்.

படிப்பின் கடைசியில் ஓர் ஆய்வு செய்யவேண்டும். வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பு எடுத்தார்கள். ஒருவர் தாய்ப்பால், ஒருவர் கர்ப்பகால இரத்தச்சோகை, ஒருவர் ஊசிக்கு அழுகிற குழந்தையைத் தேற்றும் முறைகள், இன்னொருவர் வயது குறைந்த தாய்மாரின் பயங்கள். எல்லாம் நல்ல தலைப்புகள். கேட்டால் பதில் வருகிற தலைப்புகள். மனைவி எடுத்தது வேறு. குழந்தை பிறந்த முதல் மாதங்களில் தகப்பனின் மனநிலை.

"தகப்பனுக்கு என்ன மனநிலை?" என்று கேட்டேன். கேலிக்கு அல்ல, அறியத்தான் கேட்டேன்.

"அதைத்தான் பாக்கப்போறன்."

"ஒண்டுமில்லாட்டில்?"

"ஒண்டுமில்லை எண்டு எழுதுவன். ஆனால் கேட்டுப்போட்டு எழுதுவன்."

ஆய்வை மேற்பார்வை செய்கிற விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மனைவி மீன் வெட்டிக்கொண்டிருக்க, அவருடைய குரல் குசினி முழுக்கக் கேட்டது.

"தாய்மாரைக் கேளுங்கோ, கதைப்பினம். ஆம்பிளையள் வாய் திறக்க மாட்டினம். எனக்குத் தெரியும், எங்கடை வீட்டிலையும் ஒராள் இருக்கிறார். முதல்ல தெரிஞ்ச நாலைஞ்சு பேரிட்டைக் கதைச்சுப் பாருங்கோ. வந்தால் வரட்டும். வராட்டில் தாய்ப்பாலுக்கு மாறுவம்."

"மாறினால் காலம் காணுமோ மிஸ்?"

"காணாது. அடுத்த பிரிவோடதான் செய்யவேண்டி வரும்."

மனைவி மீனைக் கழுவிவிட்டு என்னிடம் சொன்னார். "திரும்ப ஒருக்கால் துவங்க என்னால ஏலாது. இது சரிவராட்டில் விட்டிடுவன்." விடுவது என்றால் படிப்பையே விடுவது. இந்த வயதில் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து, பிள்ளை வயதுக்காரருடன் பரீட்சை எழுதி, இவ்வளவு தூரம் வந்த படிப்பு.

அடுத்ததாகக் கேள்விகள். ஆங்கிலத்தில் இருந்தவற்றைத் தமிழாக்கும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது. இரண்டு நாள் உழைத்தேன். முதற் கேள்வி இப்படி அமைந்தது: 'தந்தைமை நிலையை எய்திய பின்னர் தாங்கள் உளச்சோர்வு, பதகளிப்பு என்பவற்றிற்கு உட்பட்டுள்ளதாக உணர்கின்றீர்களா?' எனக்கு அதில் ஒரு சிறு பெருமை கூட இருந்தது.

மனைவி வாசித்தார். "இதைக் கேட்டால் அந்தாள் எழும்பி, உள்ள போய், காணிப் பெர்மிட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டும்."

"அப்ப எப்பிடிக் கேக்கிறது?"

"உங்களுக்கு அந்த நேரம் எப்பிடி இருந்தது எண்டு கேப்பன்."

"அவ்வளவுதானோ? அதில உளச்சோர்வு எங்கை?"

"அது பதிலில வரும்."

இருந்தாலும் படிவம் ஒன்று வேண்டும் என்பதால் என்னுடைய கேள்விகள் அச்சாகி ஒரு நீலக் கோப்புக்குள் போயின. முதல் வீடு உருத்திரபுரத்தில். கிரவல் வீதியில் மனைவியின் ஸ்கூட்டி வழுக்கும் என்பதால் என் மோட்டார் சைக்கிளில் போனோம். இப்படியாக நான் ஆய்வின் சாரதியானேன். புறப்படுமுன் நிபந்தனை சொல்லப்பட்டது. "தகப்பன் சொல்லுறது எனக்கும் அவருக்கும் இடையிலதான். நீங்கள் தள்ளி நிக்கவேணும். ஒரு சொல்லு உங்கடை கட்டுரையில வந்தாலும் எனக்குப் படிப்பும் இல்லை, உங்களுக்குச் சோறும் இல்லை."

வாய்க்காலோரம் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. தகப்பன் வயலுக்கு மருந்தடித்துவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். மனைவியின் கையில் இருந்த நீலக் கோப்பைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மரியாதையும் எச்சரிக்கையும் கலந்த ஒரு முகம். நான் தள்ளி நிற்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"போன முறை ஆடு தந்தவை மிஸ். ரண்டும் செத்துப்போச்சு. இந்த முறை கோழி எண்டால் சமாளிக்கலாம்."

"தம்பி, நான் கோழி குடுக்க வரேல்லை."

"அப்ப தையல் மிசினோ?"

"ஒண்டும் குடுக்க வரேல்லை. பிள்ளை பிறந்த பிறகு உங்கடை மனசு எப்பிடி இருக்கெண்டு கேக்க வந்தனான்."

அவர் நன்றாக யோசித்தார். "மனசுக்கு என்ன தருவினம்?"

இதை எழுதலாம். பிறகொரு நாள் சந்தையில் கண்டபோது அவரே அனுமதி தந்தார். கோழி விஷயம் நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லது என்றும் சொன்னார்.

அவரைப் பிழை சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் பல வருடங்களாக ஒரு கோப்போடு யாராவது படலை திறந்தால் அதற்குப் பின்னால் ஓர் ஆடோ, மலசலகூடமோ, தண்ணீர்ப் பம்போ வந்திருக்கிறது. அல்லது வரும் என்று சொல்லிவிட்டு வராமல் விட்டிருக்கிறது. அதனால் படிவத்துக்குப் பதில் சொல்வது எங்கள் ஆட்களுக்குத் தனி வித்தை. கஷ்டம் என்று சொல்லவேண்டும். ஆனால் கொடுத்ததை வைத்துப் பராமரிக்க இயலாத அளவு கஷ்டம் என்று சொல்லிவிடக்கூடாது. உருத்திரபுரத்துத் தகப்பன் அந்த வித்தைப்படியே முடித்தார். "மனசு பரவாயில்லை மிஸ். கூரைதான் ஒழுகுது."

இரண்டாவது வீட்டில் தகப்பன் எழுந்து நின்றுகொண்டார். மனைவி அவருடைய பிள்ளையின் பிரசவத்தில் நின்றவர், அந்த மரியாதை. இருக்கச் சொன்னால் இருந்துவிட்டு அடுத்த கேள்விக்கு மறுபடி எழுந்தார். பதில்களை எல்லாம் அவருடைய மாமியார் சொன்னார்.

"அவருக்கென்ன பிள்ளை, நல்லாச் சாப்பிடுறார். நல்லா நித்திரை கொள்ளுறார். ஆம்பிளையளுக்கு என்ன குறை?"

மருமகனின் கண்கள் நித்திரையைக் கண்டு பல நாள் ஆனவை போலச் சிவந்திருந்தன. "ஓம் மிஸ்," என்றார். "ஒண்டுமில்லை."

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது நான் ஒரு யோசனை சொன்னேன். ஆண்கள் ஆண்களோடுதான் பேசுவார்கள். முதலில் நான் கதை கொடுத்து ஆளை இளக்கிவிடுகிறேன், பிறகு நீர் வாரும். மனைவி ஒத்துக்கொண்டார். அந்த அளவுக்கு மனம் விட்டுப்போயிருந்தது.

அந்தத் தகப்பன் ஓட்டோ ஓட்டுகிற இளைஞர். வேலிக்கரை மரநிழலில் இருவரும் நின்றோம். நெல் விலையில் தொடங்கினோம். யானைக்குப் போனோம். கிரிக்கெட்டுக்கு வந்தோம். நான் ஒரு பகிடி விட்டேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ஒன்று விட்டார், நான் சிரித்தேன். பிறகு மனைவி வந்து கேள்வியைக் கேட்க, சிரித்த களை மாறாமல் அவர் சொன்னார். "எனக்கென்ன மிஸ், நான் எப்பவும் பகிடிதான்." அதோடு ஒரு சவாரி இருக்கிறதென்று போய்விட்டார்.

திரும்பும் வழியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது. "இளக்கச் சொன்னால் பூட்டிப்போட்டு வாறியள்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். பகிடி ஒரு நல்ல பூட்டு. நான் பல வருடங்களாக அந்த வியாபாரத்தில் இருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவி நீலக் கோப்பை மேசையின் தாய்மைப் பக்கத்தில் போட்டார். தாய்ப்பால் பற்றிய பழைய குறிப்புகளை எடுத்துத் தூசி தட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தோடு பல நாளாக எனக்குள் ஒரு கேள்வி கிடந்தது. ஏன் இந்தத் தலைப்பு? எங்கள் மகள் பிறந்த காலத்தில் நான் ஏதோ ஒரு மாதிரி இருந்திருக்கவேண்டும், அதை இவர் இத்தனை காலம் மனதில் வைத்திருந்து இப்போது ஆய்வாக எடுக்கிறார் என்று எனக்குள் ஒரு முடிவும் இருந்தது. சற்று உருக்கமான முடிவு. கேட்டேவிட்டேன்.

"இது என்னைப் பற்றியதோ?"

மனைவி உண்மையாகவே வியந்தார். "உங்களைப் பற்றியோ? எல்லாம் உங்களைப் பற்றித்தானோ?"

பிறகு சொன்னார். விடுதி வாசலில் ஒரு மனிதர். கையில் சுடுதண்ணிப் போத்தலும் உடுப்புப் பையுமாக விடிந்ததிலிருந்து நின்றிருக்கிறார். சின்னப் பிரச்சினை இருந்த பிரசவம். கடைசியில் மனைவி வெளியே போய், தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் "சரி மிஸ்" என்றிருக்கிறார். என்றுவிட்டு, நின்ற இடத்திலேயே வேப்பமரத்தடியில் இருந்துவிட்டார். எழும்ப முடியவில்லை. கால் வரவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது.

"எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சன். அவரும் சிரிச்சவர். வீட்டை வரேக்கை யோசிச்சன், ஒரு தாய் இப்பிடி இருந்திருந்தால் பிரஷர் பாத்திருப்பம், கட்டிலில கிடத்தியிருப்பம், ரண்டு நாள் பாத்திருப்பம். அவருக்கு ஒரு பிளேன்ரீ குடுத்து அனுப்பிப்போட்டம். பிறகு அந்தாளுக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் என்ன எண்டு இருந்தது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். எனக்குச் சற்று ஏமாற்றமாகவும் நிறைய ஆவலாகவும் இருந்தது. அந்த மனிதருக்கு என்ன நடந்திருக்கும்? நான் இதுவரை வாசித்த எல்லாப் புத்தகங்களிலும் பிரசவ அறையின் வாசலோடு தகப்பனை விட்டுவிடுகிறார்கள். அவர் நகம் கடிப்பார், குறுக்கும் நெடுக்கும் நடப்பார், நல்ல செய்தி வரும், அத்தியாயம் முடியும். அதற்கு அடுத்த பக்கத்தை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

"இன்னுமொரு வீடு பாப்பம்," என்றேன். "அதுக்குப் பிறகு தாய்ப்பால்."

அந்த இன்னுமொரு வீடு இரணைமடுப் பக்கம். குளத்துக்குப் போகிற வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் மலையகத்திலிருந்து ஒரு காலத்தில் வந்து குடியேறியவர்களின் வீடுகள். தகப்பன் கூலிக்கும் போவார், குத்தகைக்கு வயலும் செய்வார். முதற் பிள்ளை, பிறந்து மாதம் நிறையவில்லை. நாங்கள் போனபோது முன்பக்கம் யாருமில்லை. பின்பக்கம் புகை தெரிந்தது.

பிள்ளை பெற்றவரை இலை அவித்த வெந்நீரில் குளிக்க வார்ப்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நொச்சி, பாவட்டை, ஆமணக்கு இலைகளைப் போட்டு ஒரு பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கவேண்டும். உள்ளே வார்ப்பது பெண்களின் வேலை. இலை ஒடிக்கிறது, விறகு கொத்துகிறது, தண்ணீர் அள்ளுகிறது, கொதிக்கும்வரை அடுப்போடு நிற்கிறது எல்லாம் தகப்பன். பிரசவத் தீட்டான துடக்கு முடியும்வரை அவருக்கு அந்த அறையில் இடமில்லை. அடுப்படியில் இடம் உண்டு.

"வாங்க மிஸ், வாங்க சார்," என்றார் அவர், மூன்று கல் வைத்த அடுப்புக்கு முன்னால் குந்தியபடி. எழும்பப் பார்த்தார். அதற்குள் ஒரு விறகு சரிந்தது. "மன்னிச்சுக்கங்க மிஸ், விட்டுட்டு வர முடியாது. நெருப்பு அணைஞ்சிரும். இங்க வச்சே பேசலாங்களா?"

கதிரை கொண்டுவர ஆளில்லை. மனைவி கோப்பைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். கோப்பை என்னிடம் தந்தார். "இதைக் கொண்டுபோய் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ள வையுங்கோ. நீங்களும் அங்கையே நில்லுங்கோ." பிறகு சேலையை இடுக்கிக்கொண்டு அடுப்பின் மறுபக்கம் ஒரு மரக்குற்றியில் இருந்து, காய்ந்த தென்னம்பாளை ஒன்றை முறித்து நெருப்பில் வைத்தார்.

நான் மோட்டார் சைக்கிளடியில் நின்றேன். அங்கே ஒரு நாய் என்னை மேற்பார்வை செய்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. எழுதுகிற ஒருவனை ஒரு கதையிலிருந்து சரியாகக் காது எட்டாத தூரத்தில் நிறுத்துவது என்ன தண்டனை என்று என் எதிரிகளுக்கு யாராவது சொல்லிவைக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு குனிந்த தலைகளும் நடுவில் புகையும். மனைவி நெருப்பைப் பார்த்து ஏதோ கேட்டார். தகப்பன் நெருப்பைப் பார்த்துத் தலையாட்டினார். வழமையான 'ஒண்ணுமில்ல' என்று நினைத்தேன். அவர் ஒரு தடியால் தணலைக் கிளறினார். பிறகு பேசத் தொடங்கினார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவருடைய கை இலையை அமத்தியது, விறகைத் தள்ளியது, சாம்பலை ஒதுக்கியது, வாய் பேசியது. ஓர் இடத்தில் கையும் நின்றது. புறங்கையால் கண்ணைத் துடைத்தார். புகையாக இருக்கலாம். புகை எவ்வளவு வசதியான சாமான் என்று அன்றுதான் கண்டேன். அடுப்படியில் யார் கண் கலங்கினாலும் யாரும் காரணம் கேட்பதில்லை.

கிடாரத்தில் தண்ணீர் குமிழ் விட்டது. பிறகு தளதளவென்று கொதித்து இலைகள் மேலும் கீழும் புரண்டன. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அப்போது உள்ளேயிருந்து அவருடைய மாமியாரின் குரல் ஊருக்கே கேட்கிறமாதிரி வந்தது.

"ஏம்ப்பா, தண்ணி கொதிச்சிருச்சா?"

தகப்பன் கொதிக்கிற கிடாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "இன்னும் இல்ல அத்தே," என்று உரத்துச் சொன்னார். "கொஞ்ச நேரம் ஆகும்."

சொல்லிவிட்டு இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

திரும்பும்போது குளக்கட்டு வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"என்ன சொன்னவர்?"

"தண்ணி கொதிக்கேல்லை எண்டவர்."

"அது எனக்கும் கேட்டது. மற்றது?"

"ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

அன்றிலிருந்து ஆய்வு முறை மாறியது. போகுமுன் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் எந்நேரம் வெந்நீர் வைப்பீர்கள்? அந்நேரத்துக்குப் போவோம். அடுப்படியில் முதலில் மனைவி தான் யார், எதற்குக் கேட்கிறார், விரும்பாவிட்டால் பேசவேண்டாம் என்று சொல்வார். கோப்பு பெட்டிக்குள் இருக்கும். பேசியதைப் பிறகு ஒரு மரத்தடியில் நிறுத்தி எழுதுவார். அந்நேரம் நான் வேறு மரத்தடியில். உருத்திரபுரத்துக் கோழிக்காரரிடமும் மறுபடி போனார். அவரும் பேசினார். சந்தையில் அவர் என்னிடம் சொன்னது மட்டும் சொல்லலாம். "உங்கடை மனிசி அண்டைக்குக் கோப்போட வந்தவா, நான் கவர்மென்ற் எண்டு நினைச்சிட்டன்."

மூன்றாவது வீட்டு ஓட்டோக்கார இளைஞரிடம் மட்டும் இது பலிக்கவில்லை. அவர்கள் வீட்டில் காஸ் அடுப்பு. அது தானாகவே எரிகிறது. பக்கத்தில் ஒருவர் நிற்கத் தேவையில்லை. அவர் இன்றுவரை பகிடிதான்.

மனைவி எல்லாவற்றையும் தொகுத்து விரிவுரையாளருக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"பதில்கள் நல்லா வந்திருக்கு. நான் எதிர்பாக்கேல்லை. ஆனால் எங்க வைச்சுக் கேட்டனீங்கள் எண்ட இடத்தில அடுப்படி எண்டு எழுதியிருக்கிறியள். அமைதியான தனி அறை எண்டெல்லோ வரவேணும்?"

"தனி அறையில ஒருத்தரும் கதைக்கேல்லை மிஸ்."

"ஆய்வுக் குழுவில கேப்பினம். ஏன் அடுப்படி எண்டு ஒரு பந்தி இங்கிலீசில எழுதி அனுப்புங்கோ. அதைப் பாத்துத்தான் தலைப்புக்கு அனுமதி குடுக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லுவினம்."

அந்தப் பந்தி மறுபடி என்னிடம் வந்தது. இந்த முறை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. வெந்நீர் அடுப்பை ஆங்கிலத்தில் ஏற்றினால் குளியலறைச் சாதனம் மாதிரி வந்தது. துடக்கை ஏற்றினால் தொற்றுநோய் மாதிரி வந்தது. கடைசியில் மனைவி சொன்னதை அப்படியே எழுதினேன்: அவருக்குக் கையில் வேலை இருந்தது, கண்ணுக்குப் பார்க்க நெருப்பு இருந்தது, எழும்பிப் போக முடியாமல் ஒரு காரணம் இருந்தது. நான் செய்த மொழிபெயர்ப்புகளில் சுற்றறிக்கை நாற்றம் அடிக்காதது அது ஒன்றுதான்.

பிறகு காத்திருப்பு. மனைவி விடுதிக்குப் போனார், வந்தார், கைப்பேசியைப் பார்த்தார். தாய்ப்பால் குறிப்புகள் மேசையில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன.

குழு கூடுகிற நாளில் நல்ல மாரி மழை. மனைவிக்குத் தடிமனும் தும்மலும். விடுப்பில் நின்றார். நொச்சி இலை அவித்துக் குளித்தால் சுகமாயிருக்கும் என்றார். அந்தத் தடிமன் உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு. மழை சற்று விட்ட நேரம் பின்பத்தித் தாழ்வாரத்தில் கல் வைத்து, ஈர விறகோடு சண்டை பிடித்து, எப்படியோ மூட்டினேன். மனைவி ஸ்வெட்டரோடு வந்து ஒரு சின்ன வாங்கைப் போட்டு அடுப்பின் மறுபக்கம் இருந்தார். கைப்பேசி மடியில். ஒரு பாளையை முறித்து நெருப்பில் வைத்தார்.

"மகள் பிறந்த நேரம்," என்றார் நெருப்பைப் பார்த்து. "உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

"எனக்கென்ன," என்றேன். "ஒண்டுமில்லை."

வாயிலிருந்து வந்துவிட்டது. எந்த யோசனையும் இல்லாமல், இரண்டாவது வீட்டு மருமகனிடம் கேட்ட அதே சொல். பல மாதமாக அந்தச் சொல்லைக் கேலி செய்துகொண்டு திரிந்தவன் நான். அடுத்து ஒரு பகிடி வந்து தொண்டையில் நின்றது. நல்ல பகிடி. மனைவி காத்திருந்தார். விறகு புகைந்தது. நான் குனிந்து ஊதினேன். தணல் சிவந்தது. அந்தத் தணலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பயமாத்தான் இருந்தது."

"என்னத்துக்கு?"

"தலையைப் பிடிக்க. கழுத்து நிக்காதெண்டு வாசிச்சிருந்தன். நிறைய வாசிச்சிருந்தன்."

அந்நேரம் கைப்பேசி அடித்தது. திரையில் விரிவுரையாளரின் பெயர் எனக்கே தெரிந்தது.

"எடும்," என்றேன். "அவாதான். முடிவு சொல்லத்தான்."

மனைவி கைப்பேசியைப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வாங்கில் வைத்தார். அது அடித்து, கொஞ்ச நேரம் வாங்கின்மேல் சுற்றி அதிர்ந்து, ஓய்ந்தது.

"தலையைப் பிடிக்கப் பயம்," என்றார். "பிறகு?"

பிறகு சொன்னதை இங்கே எழுத முடியாது. அது ஆய்வுக்குரிய இரகசியம்; எனக்குச் சோறும் முக்கியம். இடையில் தண்ணீர் கொதித்தது, வற்றியது, இரண்டு தரம் அள்ளி ஊற்றினேன். அன்று யாரும் குளிக்கவில்லை.

மழை மறுபடி துமிக்கத் தொடங்கியபோதுதான் மனைவி கைப்பேசியை எடுத்து, திரும்ப அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தலைப்பு நிக்குது," என்றார் விரிவுரையாளர். "அடுப்படியை ஒருத்தரும் வெட்டேல்லை. ஒராள் தன்ரை மகன் பிறந்த கதை கூடச் சொன்னவர். ஏன் முதல் நான் அடிக்க ஃபோன் எடுக்கேல்லை? நான் பயந்துபோனன்."

"அடுப்படியில நிண்டனான் மிஸ்."

"அப்ப சரி," என்றார் விரிவுரையாளர்.